வீட்டுச் சாமான்களைப் போட்டுவைக்க எந்த ஸ்டோரேஜ் அறை?

ஜூன் 4 (வாசகி கேட்டது)

வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். இரண்டு படுக்கையறை வீட்டின் சாமான் மொத்தமும் வெளியே போயாக வேண்டும். ஸ்டோரேஜ் இரண்டு இடத்தில் பார்த்தோம். ஒன்று தரைத்தளம், ஷட்டர் கதவு, வண்டியை வாசலிலேயே நிறுத்தி இறக்கலாம். இன்னொன்று கட்டடத்துக்குள்ளே மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஏசி என்கிறார்கள், வாடகையும் கூட. சாமான்தானே, எங்கே கிடந்தால் என்ன என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு அவருடைய தையல் மெஷினும் கல்யாண ஆல்பங்களும் பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும். எதை எடுப்பது?

ஜூன் 4, மாலை

எத்தனை மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் பொறுத்துத்தான் எல்லாம். வீடு கட்டுகிறவர்கள் சொல்லும் கணக்கை நம்பி அறை எடுக்காதீர்கள், ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே இருக்கும் என்று வைத்துக்கொண்டு எடுங்கள். எங்கள் வீட்டுச் சாமான் அப்படித்தான் இருந்தது. கான்ட்ராக்டர் சொன்ன தேதி போய், அடுத்த தேதி போய், மழையும் வந்து போனது.

இரண்டில் ஒன்று என்றால் மூன்றாம் மாடி. பூட்டை உடைத்துத் திருடுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். வீட்டுச் சாமானைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். மெத்தையில் பூஞ்சை, பீரோவின் அடியில் துரு, புத்தகத்தில் வாடை, மரக்கட்டிலின் இணைப்புகள் உப்பி நிற்பது, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தரைத்தள ஷட்டர் அறையில் ஈரத்துக்கு மூன்று வழி இருக்கிறது. கான்கிரீட் தரை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே விடும். ஷட்டரின் அடி இடுக்கில் சாரல் வரும். வெளிச்சுவர் பகலில் சூடாகி இரவில் குளிரும். கரையானுக்கும் தரைதான் வசதி.

அதனால் எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே இருக்கும் காற்று எப்படி என்று கேளுங்கள்.

ஜூன் 4, இரவு

ஒன்று விட்டுப்போனது. இடம் பார்க்கப் போவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். மழை பெய்த மறுநாள் போங்கள். காலியாக வெகுநாள் மூடிக்கிடக்கும் அறையைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள், திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையை பெயின்ட் மறைக்கும், ரூம் ஸ்ப்ரேயும் மறைக்கும், ஆனால் மூடிக்கிடந்த அறையின் முதல் மூச்சில் அது தெரிந்துவிடும். சுவர் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, மூலையில் கரையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா, ஷட்டர் தடத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் 5

“ஏசி இருந்தால் ஈரமே இருக்காதே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

காற்றின் ஈரப்பதம் என்று நாம் சொல்லும் சதவீதம் வெப்பநிலையோடு மாறும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத்தான் தாங்கும். 32 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஒரு மூடிய அறையில் அடைத்து, அதிலிருந்து ஒரு சொட்டு நீரையும் எடுக்காமல் 26 டிகிரிக்குக் குளிரவிட்டால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதம் ஆகிவிடும். 23 டிகிரிக்கு அருகில் போனால் இரும்பின் மேல் வியர்க்கத் தொடங்கும். ஷட்டர் அறையில் இரவில் நடப்பது இதுதான். வெளியே ஒரு துளி மழை இல்லாத நாளிலும் நடக்கும்.

ஏசி ஓடும்போது காற்றிலிருந்து நீரையும் வடிக்கிறது, அது உண்மை. ஆனால் பல இடங்களில் ஏசி தாழ்வாரத்தில் மட்டும் இருக்கும், அல்லது ஆள் நடமாடும் நேரத்தில் மட்டும் ஓடும். ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போடும் ஏசியால் சாமானுக்குப் பெரிய நன்மை இல்லை. கேட்க வேண்டியது “ஏசி உண்டா” என்பதல்ல. ஈரப்பதத்தை எத்தனை சதவீதத்தில் வைத்திருக்கிறீர்கள், அளந்து எழுதிவைத்திருக்கிறீர்களா, டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை வடிக்கும் கருவி) இரவிலும் ஓடுமா? பதில் சொல்லத் தெரியாவிட்டால் அங்கே யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

கையடக்க டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அரை மணி கழித்துத் திறந்து பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய விடாத இடம் வேண்டாம்.

ஜூன் 6

அளவு. பெரும்பாலான இடங்களில் 5-க்கு 5, 5-க்கு 10, 10-க்கு 10, 10-க்கு 15, 10-க்கு 20 அடி என்று வைத்திருப்பார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 10-க்கு 10 போதும் என்று கவுன்டரில் சொல்வார்கள். 8 அடி உயரம் என்றால் அது 800 கன அடி. கூரை வரை அடுக்கினால்தான் அந்தக் கணக்கு சரிவரும். நடுவே நடக்க வழி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, மெத்தைமேல் எதையும் ஏற்றாமல் வைக்க இடம், இதெல்லாம் போனால் மிச்சம் வெகுவாகக் குறையும். கூரையில் ஸ்பிரிங்ளர் (தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்) இருந்தால் அதற்குக் கீழே 18 அங்குலம் காலியாக விட வேண்டும். தண்ணீர் விரிந்து விழுவதற்கான இடம் அது, அதையும் கழியுங்கள்.

நாங்கள் செய்தது: பெரிய சாமான்களை அளந்து எழுதி, கூடத்துத் தரையில் சாக்பீஸால் 10-க்கு 10 சதுரம் வரைந்து, பீரோ இங்கே, கட்டில் சட்டம் நிமிர்த்தி இங்கே என்று அதற்குள்ளேயே கோடு போட்டோம். சோபா இடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அறையை மட்டும் அளக்காதீர்கள். லிஃப்டின் உள் அளவு, அதன் கதவு அகலம், தாழ்வாரம் திரும்பும் முனை, அறைக் கதவின் உயரம். நீளமான சோபாவுக்குத் தாழ்வாரத் திருப்பம்தான் பெரிய சோதனை.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

பூட்டு: வட்டமான டிஸ்க் பூட்டு நல்லது. அதன் கொண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, கட்டர் வைக்க இடம் கிடைக்காது. சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும்.

ஜூன் 8

“எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றிவிட்டால் தரைத்தளம்கூடப் போதுமே” என்கிறார் ஒருவர். லாரியில் போகும் வரைக்கும் சுற்றுங்கள். உள்ளே வைத்த பிறகு எடுத்துவிடுங்கள். மெத்தையிலும் சோபாவிலும் மரத்திலும் ஏற்கனவே ஈரம் இருக்கிறது. இறுக்கிச் சுற்றினால் அது வெளியேற வழியில்லாமல் துணிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் நிற்கும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய பருத்திப் போர்வையே போதும். தூசியைத் தடுக்கும், காற்றை விடும்.

மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி வேறு விஷயம். துணி, புத்தகம், காகிதம் எதுவானாலும் நன்றாக உலர்ந்த நாளில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பையோடு மூடினால் நல்ல பாதுகாப்பு. அட்டைப்பெட்டி ஈரக்காற்றில் பலமிழக்கும். அடியில் இருப்பது நசுங்கி மேலே உள்ளவை சாயும். கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அட்டையே தீனி.

பெட்டியை நேராகத் தரையில் வைக்க வேண்டாம். பேலட் என்கிற அடித்தட்டை, மரமோ பிளாஸ்டிக்கோ, போட்டு அதன்மேல். பழைய மரப் பேலட் என்றால் தட்டிப் பார்த்து மாவுபோல் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, அதைக் கட்டில் இருக்கும் அறைக்குள் விடக்கூடாது.

ஜூன் 8, இரவு

பாச்சை உருண்டை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம் என்பேன். நாப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியை அப்படியே கைக்குழந்தைக்கு உடுத்துவது ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்திருக்கின்றன, இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இன்னொரு வகை உருண்டை பாராடைகுளோரோபென்சீன், அது சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடிய பெட்டியில் வைத்தால் துணிக்குப் பூச்சி வருவது அபூர்வம். அழுக்கும் வியர்வையும் ஏறிய துணியைத்தான் பூச்சி தேடிவரும்.

ஜூன் 11

தீயைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

2018 டிசம்பர் 31 அன்று லண்டனின் க்ராய்டன் பகுதியில் ஒரு செல்ஃப் ஸ்டோரேஜ் கட்டடம் எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் சாம்பலாயின. அதில் ஸ்பிரிங்ளர் இல்லை. 2004 மே மாதம் அதே நகரின் லேட்டன் பகுதியில் கிடங்கு ஒன்று எரிந்தபோது, அங்கே வைத்திருந்த புகழ்பெற்ற ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகள் ஏராளமாக அழிந்தன. தீ தொடங்கியது பக்கத்துப் பகுதியில், திருடர்கள் நுழைந்த இடத்தில். உங்கள் அறையை நீங்கள் எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் அடுத்த அறைக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை. பல இடங்களில் அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் தகடு, மேலே கம்பிவலை.

அதனால் இரண்டு கேள்வி. ஸ்பிரிங்ளர் உண்டா? கேஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர், பட்டாசு, உணவுப்பொருள் கூடாது என்ற விதியை அவர்கள் உண்மையிலேயே கண்காணிக்கிறார்களா? வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடும் இடத்தைவிட, வாசலில் நின்று “அந்த டப்பாவில் என்ன” என்று கேட்கும் இடம் மேல். எங்களை அப்படி ஒரு காவலர் நிறுத்தி பெயின்ட் டப்பாவைத் திருப்பி அனுப்பினார். அந்த இடத்தைத்தான் எடுத்தோம்.

இன்ஷூரன்ஸ். அவர்களே கொடுப்பதாக இருந்தாலும் படித்துப் பாருங்கள். பொருளின் முழு மதிப்பைவிடக் குறைத்து எழுதினால், நஷ்ட ஈட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். பாதி மதிப்புக்கு எழுதியிருந்தால், நாசமான ஒரு சோபாவுக்கும் பாதிதான் கிடைக்கும். புதுப்பொருளின் விலை தருவார்களா, தேய்மானம் கழித்தா? பூஞ்சை, எலி, பூச்சி ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றனவா? பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். ஈரத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு இதுவும் காரணம்: திருட்டுக்கும் தீக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பூஞ்சைக்கு இல்லை.

ஜூன் 13

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை. முதல் மாதச் சலுகை முடிந்ததும் வாடகை என்ன, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நடு மாதத்தில் காலி செய்தால் மீதி வாடகை திரும்புமா, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாமா. எல்லாவற்றையும்விட முக்கியம், வாடகை நின்றால் என்ன செய்வார்கள்.

விவியன் மையர் என்ற பெண்மணி சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். வாழ்நாள் முழுக்கத் தெருக்களில் புகைப்படம் எடுத்து, யாருக்கும் காட்டாமல் சேர்த்துவைத்தார். முதுமையில் ஸ்டோரேஜ் வாடகை கட்டமுடியாமல் போய், 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்களால்தான் உலகம் இன்று அவரை அறிகிறது. 2009-இல் அவர் இறந்தார். தன் படங்கள் பேசப்படுவதை அவர் பார்க்கவே இல்லை. ஏலத்தில் போனது அவருடைய வாழ்க்கையின் மொத்த வேலை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வங்கிக் கார்டு காலாவதியாகி, தானாகக் கழியும் வாடகை நின்று, அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் யாருக்கும் இது நடக்கலாம். நீங்கள் வீட்டை இடிக்கிறீர்கள். அந்த முகவரிக்கு வரும் கடிதத்தை வாங்க ஆள் இருக்காது. இரண்டாவது தொடர்பாளராக மாமியாரையோ நாத்தனாரையோ எழுதிக்கொடுங்கள்.

ஜூன் 14

வாசகியின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஆல்பங்களை ஸ்டோரேஜில் வைக்க வேண்டாம். எந்த மாடியானாலும் வேண்டாம். புகைப்படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகி எதிர்ப்பக்கத்தோடும் கண்ணாடியோடும் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகமே உரிந்து வரும். கலர் படங்களுக்குச் சூடும் எதிரி. உறவினர் வீட்டில், மக்கள் புழங்கும் அறையின் அலமாரியில், வெளிச்சுவரை ஒட்டாத தட்டில் நிமிர்த்தி வைத்தால் போதும். பழைய நெகடிவ் உறையில் வினிகர் வாடை அடித்தால் அதைத் தனியே பிரித்து வையுங்கள். அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பத்திரம், சான்றிதழ், நகை இவையும் ஸ்டோரேஜுக்கு இல்லை.

தையல் மெஷின் வரலாம். ஊசியைக் கழற்றி, பஞ்சுத்தூசியைத் துடைத்து, அசையும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பரவவிட்டு, பருத்தித் துணி போர்த்தி, பேலட் மேல். தோல் பெல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்கவும். எங்கள் அம்மாவின் மெஷின் அப்படிப் போய், முதல் நாளே தைக்கிற நிலையில் திரும்பி வந்தது.

ஜூன் 14, பிற்பகல்

மற்றவை சுருக்கமாக. ஃப்ரிட்ஜைத் துடைத்து உலர்த்தி, கதவு முழுசாகச் சாத்தாதபடி ஒரு துணியைச் செருகி, நின்ற வாக்கில் வையுங்கள். வழியில் படுக்கவைத்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பிடிக்கும் போல்ட் கொடுத்திருப்பார்கள், தேடி எடுத்து முடுக்குங்கள், குழாயில் நிற்கும் நீரை வடியுங்கள். டிவியைப் படுக்கவைக்க வேண்டாம். ரிமோட், கடிகாரம், பொம்மை எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுங்கள், ஒழுகினால் முனைகளை அரித்துவிடும். புத்தகம் சின்னப் பெட்டியில், பெரிய பெட்டியில் போட்டால் தூக்க ஆளில்லை. வெள்ளிச் சாமானில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்கவைக்கும்.

ஜூன் 19

மேலே மாடிதான் நல்லது என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாடி என்றால் நடு மாடி. தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி வெயிலில் அடுப்பாகும். பசை இளகும், ரப்பர் பிசுபிசுக்கும், மெழுகும் பிளாஸ்டிக்கும் வளையும். ஏசி நின்றுபோன ஒரு மதியத்தில் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் மூன்றாம் மாடிக்கு மேலே இன்னொரு தளம் இருக்கிறதா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அதேபோல் தரைத்தளம் எல்லாருக்கும் ஆகாது என்றும் இல்லை. சைக்கிள், பீங்கான், ஸ்டீல் பாத்திரம், பிளாஸ்டிக் நாற்காலி, மூன்றே வாரம் என்றால் வாசலில் இறக்கும் வசதியை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தேங்காத இடமா என்று மட்டும் பாருங்கள். தரைக்குக் கீழே இருக்கும் அடித்தளம் மட்டும் எதற்குமே வேண்டாம்.

ஜூன் 22

வாசகி பதில் எழுதியிருக்கிறார். மேலே இன்னும் ஒரு தளம் இருக்கிறதாம். ஈரமானி 54 காட்டியதாம். நல்லது. 10-க்கு 15 எடுப்பதா என்று கேட்கிறார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் அது அடைக்கும் இடத்தின் வாடகையைப் பங்கிட்டு, இருக்கப்போகும் மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். பழைய சோபா, அமுங்கிப்போன மெத்தை, பிளைவுட் அலமாரி ஆகியவற்றுக்கு வரும் தொகை பல நேரம் அவற்றை விற்றால் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். புது வீட்டில் அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று வரைபடத்தை வைத்துக் கேளுங்கள். நாங்கள் சோபாவையும் இரண்டு மெத்தைகளையும் கொடுத்துவிட்டு, மிச்சமான காசில் ஈரம் கட்டுப்படுத்திய அறை எடுத்தோம். பெரிய மட்டமான அறையைவிடச் சின்ன நல்ல அறை மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 23

கால்சியம் குளோரைடு டப்பா வைக்கலாமா என்றால், வைக்கலாம், தரையில், தட்டின் மேல். அது காற்றின் ஈரத்தை இழுத்து உப்பு நீராக நிற்கும், பெட்டி மேல் வைத்துக் கவிழ்ந்தால் இரும்பும் தோலும் பாழ். மாதத்துக்கு ஒருமுறையாவது போய்க் கொட்டிவிட்டு வர முடிந்தால் மட்டும். திறந்த அறையில் சிலிகா ஜெல் வைத்துப் பயனில்லை, அது மூடிய பெட்டிக்கு.

ஜூன் 30

10-க்கு 10 எடுத்துவிட்டாராம், சோபா தங்கை வீட்டுக்குப் போகிறதாம், ஆல்பம் மாமியாரோடு போகிறதாம்.

அடுக்கும் நாளுக்கு: பேலட் முதலில், கனமானவை சுவர்ப்பக்கம், நடுவில் கடைசி வரை போகிற அளவுக்கு வழி. பெட்டிகளுக்கு இரண்டு பக்கம் எண் போடுங்கள், உள்ளே என்ன என்பதை எண்ணோடு நோட்டில் எழுதிப் படமும் எடுத்துவையுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் அதுவே ஆவணம். பள்ளி திறக்கும்போது தேவைப்படுவதும் குளிர் உடுப்பும் கதவுப் பக்கம். ஈரமானியைக் கதவு திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். 65-க்கு மேல் காட்டினால் படம் எடுத்து அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள்.